சேய்ச் சாளரத்துக்கும் ஒரு பட்டை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறும் காலம் நெருங்கினால், சுற்றுவட்டாரத்து அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் கணினித் திரைக்கு ஓய்வே இருக்காது. ஒரு சாளரத்தில் தண்ணீர்ப்பந்தலுக்கான துண்டுப்பிரசுரம். அதைப் பாதி மறைத்தபடி ஒரு கல்யாண அழைப்பிதழ். மாப்பிள்ளை வீட்டார் இலண்டனில் இருப்பதால் ஆங்கிலப் பக்கமும் அதில் உண்டு. கீழ் மூலையில், இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கவேண்டிய கல்வெட்டுப் புத்தகம். "தம்பி, அப்பாவின்ரை பேரைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ" என்று ஒருவர் கேட்கிறார். தட்டச்சு செய்பவர் கல்வெட்டுச் சாளரத்தின் மேல் ஒருமுறை சொடுக்குகிறார். பிறகு சுட்டியைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோய், அங்கே நீளமாகக் கிடக்கும் கருவிப்பட்டையில் எழுத்தின் அளவை மாற்றுகிறார். அப்பாவின் பெயர் பெரிதாகிறது. அழைப்பிதழுக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பட்டை ஒன்று, ஆவணங்கள் மூன்று. தன்னை அழுத்தியது எந்த ஆவணத்துக்காக என்று அந்தப் பொத்தானுக்கு எப்படித் தெரிந்தது? விடையைத் தேடிப் போனால், நாள்தோறும் பார்க்கும் திரைக்குள் தாய், சேய், உரிமை, எல்லை, அனுமதி என்று ஒரு முழுக் குடும்பமே இருப்பது தெரியவரும்.

விண்டோஸ் இயங்குதளத்தின் மரபான செயலிகளில் நாம் பார்க்கும் ஏறத்தாழ எல்லாமே சாளரந்தான். தலைப்பும் சட்டமும் உள்ள பெரிய பரப்பை மட்டும் நாம் சாளரம் என்கிறோம். இயங்குதளத்துக்கோ பொத்தானும் ஒரு சாளரம், எழுதும் பெட்டியும் ஒரு சாளரம், கருவிப்பட்டையும் ஒரு சாளரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய்ச் சாளரம் உண்டு. சேய்ச் சாளரம் எங்கே நிற்கிறது என்பது தாயின் மூலையிலிருந்து அளக்கப்படும். தாய் நகர்ந்தால் சேயும் கூடவே நகரும். தாயின் விளிம்பைத் தாண்டிச் சேயால் ஒரு புள்ளிகூட வரைய முடியாது. வெளியே நீளும் பகுதி வெட்டப்பட்டுவிடும். தாயை மூடினால் சேய்கள் அனைத்தும் அதனோடு அழியும்.

பல ஆவணங்களை ஒரே மென்பொருளுக்குள் திறந்துவைக்கும் முறையை மைக்ரோசொப்ட் எம்.டி.ஐ. என்று அழைத்தது. பல்லாவண இடைமுகம் என்று தமிழில் சொல்லலாம். 1990இல் வந்த விண்டோஸ் 3.0 இதற்கான நிரல் வசதிகளை எல்லோருக்கும் கொடுத்தது. இந்த முறையில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே தலைப்பும் மெனுவும் கொண்ட சட்டச் சாளரம். உள்ளே, ஆவணங்கள் மிதக்கும் அந்தச் சாம்பல் நிறப் பரப்பு. அந்தப் பரப்பின் மேல் ஆவணத்துக்கு ஒன்றாகச் சேய்ச் சாளரங்கள். நடுவிலுள்ள சாம்பல் பரப்பை வெற்றிடம் என்றே பலர் நினைத்திருப்பார்கள். அதுவும் ஒரு சாளரந்தான். எந்தச் சேய் முன்னே நிற்கிறது, எது முழுப் பரப்பையும் நிறைக்கிறது என்ற கணக்கை எல்லாம் வைத்திருப்பது அதுவே.

கருவிப்பட்டை தானாக ஒரு வேலையும் செய்வதில்லை. பொத்தானை அழுத்தியதும் அது தன் தாய்க்கு ஒரு எண்ணை மட்டும் அனுப்புகிறது: இன்ன எண்ணுள்ள கட்டளை வந்திருக்கிறது என்று. எழுத்தைப் பெரிதாக்குவது, சேமிப்பது, அச்சிடுவது எல்லாம் அந்த எண்ணைக் கேட்டவரின் பொறுப்பு. அச்சகத் திரையில் பட்டையின் தாய் சட்டச் சாளரம். எண் அதற்குப் போகிறது. அதுவோ ஆவணத்தை அறியாது. எனவே சாம்பல் பரப்பிடம், "இப்போது முன்னே நிற்கும் சேய் எது?" என்று கேட்டு, கட்டளையை அந்தச் சேயிடம் கொடுக்கிறது. எம்.எஃப்.சி. என்னும் மைக்ரோசொப்ட்டின் நிரல் தொகுப்பில் இந்தப் பயணம் இன்னும் விரிவானது. முன்னே நிற்கும் சேயிலுள்ள காட்சி, பிறகு அதன் ஆவணம், பிறகு சேய்ச் சட்டம், பிறகு தாய்ச் சட்டம், கடைசியாக முழுச் செயலி என்று கட்டளை ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் போகும். யார் முதலில் "இது என் வேலை" என்று ஏற்கிறாரோ அவரிடம் பயணம் முடிந்துவிடும். கல்வெட்டுச் சாளரத்தை முதலில் சொடுக்கியது அதற்காகத்தான். அதை மறந்து மேலே போயிருந்தால் மாப்பிள்ளையின் பெயர் பெரிதாகியிருக்கும்.

சரி, பட்டையையே சேய்ச் சாளரத்துக்குள் வைத்துவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிதான கேள்வி. எம்.டி.ஐ. நிரல் எழுதிய எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருப்பார்கள், பெரும்பாலும் மெனுவை வைக்கப் பார்த்துத் தோற்ற பிறகு. ஏனென்றால் விண்டோஸின் சேய்ச் சாளரத்துக்கு மெனு கிடையாது. சாளரத்தை உருவாக்கும் கட்டளையில் மெனுவுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. உருவாவது சேய் என்றால் அதே இடம் அந்தச் சேயின் அடையாள எண்ணுக்குப் போய்விடுகிறது. சேய் முன்னே வரும்போது தாயின் மெனுவை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பட்டைக்கு அப்படி ஒரு தடை இல்லை. பட்டை ஒரு சாளரம். சாளரத்துக்குள் சாளரம் வைப்பது விதிக்கு உட்பட்டது. மெனுவுக்கு அடைத்த கதவு பட்டைக்குத் திறந்திருக்கிறது.

செய்முறை நாலு வரியில் அடங்கும். சேய்ச் சாளரம் பிறக்கும்போது அதற்கு ஒரு செய்தி வருகிறது. அந்த நேரத்தில், சேயையே தாயாகக் காட்டி ஒரு பட்டையை உருவாக்கவேண்டும். பொத்தான்களைச் சேர்க்கவேண்டும். பிறகு சேயின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும், "உன் அகலத்தைச் சரிசெய்துகொள்" என்று பட்டைக்குச் சொல்லி, அதன் உயரத்தைக் கேட்டறிந்து, எழுதும் பரப்பை அந்த உயரத்துக்குக் கீழே தள்ளி வைக்கவேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டால் பட்டை ஆவணத்தின் முதல் வரியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். கல்வெட்டில் அந்த முதல் வரி பெரும்பாலும் பிள்ளையார் சுழி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணச் சாளரத்தில், அளவு மாறிய செய்திக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்பிவிடலாம். எம்.டி.ஐ. சேய்ச் சாளரத்தில் அப்படித் திரும்பக்கூடாது. அதே செய்தியை எம்.டி.ஐ. சேய்களுக்கென்று இருக்கும் தனி நடைமுறைக்கும் கட்டாயம் அனுப்பவேண்டும். சேய் பெரிதானது, சிறிதானது, முழுப் பரப்பையும் பிடித்தது எல்லாவற்றையும் அந்த நடைமுறை வழியாகத்தான் சாம்பல் பரப்பு தெரிந்துகொள்கிறது. அனுப்பாமல் விட்டால் பட்டை அழகாகவே இருக்கும். சேயை முழுப் பரப்புக்கு விரித்துத் திரும்பச் சுருக்கும்போதுதான் கோளாறுகள் தலைகாட்டும். பழுது பட்டையில் தெரியாததால் அதன் வேரைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும்.

சேயை முழுப் பரப்புக்கு விரிக்கும்போது நடப்பது எனக்கு எப்போதும் வியப்பு. சேயின் தலைப்புப் பட்டை மறைந்துவிடுகிறது. அதன் பெயர் தாயின் தலைப்போடு போய் ஒட்டிக்கொள்கிறது. சுருக்கும் பொத்தானும் மூடும் பொத்தானும் தாயின் மெனு வரிசையில் ஏறிவிடுகின்றன. சேய்க்குரியதில் இவ்வளவும் தாயோடு கலக்கும்போது, நாம் சேர்த்த கருவிப்பட்டை மட்டும் கலப்பதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே திரையில் இப்போது இரண்டு பட்டைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒன்று தாயினுடையது, மற்றது சேயினுடையது. இயங்குதளத்தின் பார்வையில் தலைப்பும் மூடும் பொத்தானும் சாளரத்தின் ஓரம். ஓரத்தை அது எடுத்துக் கையாளும். பட்டையோ சாளரத்தின் உள்ளடக்கம். உள்ளடக்கத்தை அது தொடாது.

1993இல் வந்த ஓ.எல்.ஈ. 2.0 இந்த உறவை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. வேர்ட் ஆவணத்துக்குள் ஒரு எக்செல் அட்டவணையைப் பதித்து, அதை இருமுறை சொடுக்கியவர்கள் அறிவார்கள்: வேர்டின் பட்டைகள் விலகி எக்செலின் பட்டைகள் அந்த இடத்தில் வந்து நிற்கும். அட்டவணைக்கு வெளியே சொடுக்கினால் பழையபடி மாறும். இரண்டும் தனித்தனி மென்பொருள்கள். ஒன்றின் வீட்டில் மற்றது எப்படிப் பட்டை வைக்கிறது? பேசித்தான். உள்ளே இருக்கும் பொருள், "உன் ஓரத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று முதலில் கேட்கிறது. பிறகு, "மேலே இவ்வளவு உயரம் எனக்குத் தருவாயா?" என்று கேட்கிறது. மற்றது சம்மதித்தால்தான் பட்டை எழும்பும். மறுத்தால் குறைத்துக் கேட்கலாம், இல்லையேல் பட்டை இல்லாமலே இருக்கவேண்டியதுதான். இந்தப் பேச்சு சட்டச் சாளரத்தோடு மட்டுமல்லாமல் ஆவணத்தின் சேய்ச் சாளரத்தோடும் நடக்கலாம் என்று அந்த விதிமுறையிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய மென்பொருள்கள் ஒரு விரற்கடை உயரத்துக்காக இப்படி முறைப்படி அனுமதி கேட்டுக்கொள்வதைப் படித்தபோது, நிரல் எழுதுவோர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

இனி நல்லூர் அச்சகத்துக்கே வருவோம். தமிழ் எழுதுபவருக்குச் சேய்ச் சாளரத்தில் தனிப்பட்டை வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத ஒரு காரணம் இருக்கிறது.

இலங்கைத் தமிழ் அச்சுலகில் பாமினி எழுத்துரு நெடுங்காலம் ஆட்சி செய்தது. பேஜ்மேக்கர் போன்ற பக்க அமைப்பு மென்பொருள்களுக்கு யுனிகோட் தமிழ் தெரியாததால், இன்றும் பல பழைய கோப்புகள் பாமினியில்தான் கிடக்கின்றன. பாமினியில் எழுதும்போது விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் தமிழ் என்று தோன்றும். கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகளே. தமிழ் முகத்தைப் போடுவது எழுத்துரு. யுனிகோட்டில் நிலைமை நேரெதிர். தமிழ் எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்கள் உண்டு, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியே தட்டவேண்டும். ரெங்கநாதன் விசையமைப்பை அடிப்படையாகக் கொண்ட தமிழ் விசைப்பலகைக்கு 2008இல் இலங்கைத் தரமும் வந்துவிட்டது. ஆக, ஒரே திரையில் பாமினிக் கல்வெட்டு ஒன்று, யுனிகோட் துண்டுப்பிரசுரம் ஒன்று, அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கம் ஒன்று. விசைப்பலகை எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது.

விண்டோஸில் விசைப்பலகையின் மொழி ஒவ்வொரு நிரலிழைக்கும் உரியது. ஒரு எம்.டி.ஐ. செயலியின் சேய்ச் சாளரங்கள் எல்லாம் வழக்கமாக ஒரே இழையில் ஓடுகின்றன. எனவே ஒரு சேயில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் எல்லாச் சேய்களுக்கும் மாறிவிடும். விண்டோஸ் 8 முதல் இயல்பான அமைப்பு இதைவிட அகலமானது: ஒரு செயலியில் மாற்றினால் மற்றச் செயலிகளிலும் மாறும். செயலிச் சாளரத்துக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளும் தெரிவு அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதுகூடச் சேய் மட்டத்துக்கு இறங்காது. யுனிகோட் துண்டுப்பிரசுரத்தை எழுதிவிட்டுக் கல்வெட்டுக்குத் தாவுபவர் மொழியைத் திரும்ப மாற்ற மறந்தால், பாமினி வரியின் நடுவே வேறு முகத்தில் யுனிகோட் எழுத்துகள் வந்து விழும், சிலவேளை வெறும் கட்டங்களாக. மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கும் தப்பி அச்சுக்குப் போவது இந்த வகைப் பிழைதான்.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த நாட்களில் அச்சுக்கோப்பவர் தமிழ் எழுத்துப்பெட்டியையும் ஆங்கில எழுத்துப்பெட்டியையும் வேறாக வைத்திருப்பார். எந்தப் பெட்டியின் முன் நிற்கிறாரோ அந்த மொழிதான் கைக்கு வரும். சேய்ச் சாளரத்தின் தனிப்பட்டை அந்த வசதியைத் திரும்பக் கொடுக்கிறது. பட்டையில் ஒரு பொத்தான்: பாமினி, யுனிகோட், ஆங்கிலம் என்று மூன்று நிலைகள். அந்தச் சேய் தன் நிலையைத் தன்னிடமே வைத்திருக்கும். சேய் முன்னே வரும்போது அதற்குத் தனிச் செய்தி ஒன்று வருகிறது. அந்த நேரத்தில் விசைப்பலகையைத் தன் நிலைக்கு ஏற்ப அதுவே மாற்றிவிடும். தட்டச்சு செய்பவர் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றுமில்லை. பொத்தானும் அந்தந்த ஆவணத்தின் தலையிலேயே இருப்பதால், எது எந்த எழுத்தில் இருக்கிறது என்பது மூன்று சாளரங்களிலும் ஒரே பார்வையில் தெரியும். தாயின் பொதுப் பட்டையால் இதைக் காட்ட முடியாது. முன்னே நிற்கும் ஒரு சேயின் நிலையை மட்டுமே அது சொல்லும்.

தமிழ்ப் பட்டை அமைப்பவர் கவனிக்கவேண்டிய இன்னொன்று அகலம். விண்டோஸின் பட்டைப் பொத்தான்கள் முதலில் சின்னப் படங்களுக்காகவே அளந்து செய்யப்பட்டவை. இயல்பான படம் 16 புள்ளி அகலம், 15 புள்ளி உயரம். படத்தோடு சொல்லையும் போட்டால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, எல்லாப் பொத்தானும் மிக நீளமான சொல்லின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். 'சேமி' இரண்டு எழுத்து. 'அச்சு முன்காட்சி' பக்கத்தில் வந்தால் சேமியும் அதே அகலத்துக்கு வீங்கும். திரை முழுக்க நீளும் தாய்ப் பட்டையில் இது பெரிதாகத் தெரியாது. கால் திரை அகலமுள்ள சேயில் பாதிப் பொத்தான்கள் விளிம்புக்கு வெளியே போய் வெட்டுப்படும். ஒவ்வொரு பொத்தானும் தன் சொல்லுக்கேற்ற அகலத்தை எடுக்கும்படி சொல்லும் ஒரு குறி இருக்கிறது. தமிழ் இடைமுகத்துக்கு அதை வைக்காமல் விடவே கூடாது.

பட்டை தாய்க்கா சேய்க்கா என்ற வழக்கு உலக அளவிலும் நடந்தது, தீர்ப்பும் வந்துவிட்டது. எக்செல் 2010 வரை எல்லாப் பணிப்புத்தகங்களும் ஒரு சட்டத்துக்குள் சேய்களாக இருந்தன. மேலே பொதுவான ஒரு பட்டை. இரண்டு திரைகளை வைத்திருப்பவர் இரண்டு புத்தகங்களைத் திரைக்கு ஒன்றாகப் பிரித்துப் போடச் சிரமப்பட்டார். எக்செல் 2013இல் ஒவ்வொரு புத்தகமும் தன் பட்டையோடு தனிச் சாளரமானது. உலாவிகளிலும் இதே கதை. 2008இல் வந்த குரோம், தத்தல்களை முகவரிப் பட்டைக்கு மேலே தூக்கி வைத்தது. முகவரியும் பின்செல்லும் பொத்தானும் அந்தந்தப் பக்கத்துக்குரியவை என்பதை அந்த அமைப்பே கண்ணுக்குக் காட்டியது. 2011இல் பயர்பொக்ஸ் 4 அதே வழியில் வந்தது. ஆவணத்துக்கு ஆவணம் மாறும் கருவி ஆவணத்தோடு இருக்கவேண்டும் என்பதே இரண்டிலும் வென்ற கட்சி.

பொதுப் பட்டைக்கும் ஒரு நியாயம் உண்டு. ஐந்து சேய்களில் ஐந்து பட்டைகள் என்றால் ஐந்து தடவை உயரம் போகும். சிறிய திரையில் எழுத இடம் மிஞ்சாது. புதுக் கோப்பு, திறத்தல், உதவி போன்றவை எந்த ஆவணத்துக்கும் தனிப்பட்டவை அல்ல, அவற்றின் இடம் தாயில்தான். எழுத்து முறை, எழுத்துரு, பக்க அளவு சேய்க்கு. இப்படிப் பிரித்தால் சேயின் பட்டையில் நாலைந்து பொத்தான்களுக்கு மேல் தேவைப்படாது.

உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளைகளுக்கும், நல்லூர்ப் பிரதேசத்துக்குள்ளேயே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இதுவரை சொன்ன, வின்32 எனப்படும் பழைய விண்டோஸ் நிரல் பாதையில்தான் போகவேண்டும் என்றில்லை. கியூட்டி என்னும் நிரல் தொகுப்பு திறந்த மூலமாகவும் கிடைக்கிறது. பைதனிலிருந்தே அதை இயக்கலாம். அதில் எம்.டி.ஐ. பரப்பு ஒன்று உண்டு. அந்தப் பரப்புக்குள் சேயாக ஒரு வெறும் பரப்பை வைக்காமல் ஒரு முழு முதன்மைச் சாளரத்தையே வையுங்கள். பட்டை சேர்க்கும் கட்டளை அதற்குள் தயாராக இருக்கிறது, இடம் ஒதுக்கும் வேலையையும் அது பார்த்துக்கொள்ளும். பட்டையை இழுத்து நகர்த்தும் வசதியை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் அவசரத்தில் அது சேயை விட்டு வெளியே வந்துவிடும். பாமினியும் யுனிகோட்டும் ஆங்கிலமும் அருகருகே திறந்திருக்கும் ஒரு தமிழ் எழுதுகருவியை இப்படி எழுதுங்கள். எழுதியதும் ஏதாவதொரு தட்டச்சுக் கடையில் நிறுவி, அங்கு வேலை செய்பவரின் பக்கத்தில் ஒருநாள் இருந்து பாருங்கள். எந்தப் பொத்தான் தாயில், எந்தப் பொத்தான் சேயில் என்பதை அவர் சொல்லுவார்.